அவசரமில்லை, அங்கிள்

சனிக்கிழமை அரைநாள் வேலை முடித்து வந்த நிரோஷா படுக்கையறைக் கதவைத் திறந்தபோது, புருஷனுடைய தலையணையின் நடுவில் ஒரு சீமெந்துக் கட்டி கிடந்தது. இரண்டு கையும் கொள்ளும் அளவு. விரிப்பெல்லாம் சாம்பல் தூள். அண்ணாந்து பார்த்தாள். சீலிங்கில் ஒரு பள்ளம். அதற்குள் துருவேறி உப்பிப்போன இரண்டு கம்பிகள். ஒரு கம்பியின் அடியில் நீர் மெதுவாகச் சேர்ந்துகொண்டிருந்தது.

புஷ்பராஜுக்குத் துறைமுகத்துப் பக்கம் கொள்கலன் யார்டில் இரவு வேலை. காலையில் வந்து பாணும் சம்பலும் சாப்பிட்டுவிட்டுப் படுத்தானென்றால் பின்னேரம் வரை அந்தத் தலையணையில்தான் கிடப்பான். அன்றைக்கு மட்டும் முடிவெட்டப் போயிருந்தான். சலூனில் சனிக்கிழமைக் கூட்டம். திரும்பி வந்து அறை வாசலில் நின்று பார்த்தவன், "சலூன்காரருக்கு ஒரு பிளேன்டீ வாங்கிக் குடுக்கணும்" என்றான்.

நிரோஷாவுக்குச் சிரிப்பு வரவில்லை. கட்டியைத் தூக்கி நிலத்தில் வைத்தாள். தலையணையில் அது கிடந்த இடம் குழிந்தே இருந்தது.

ஒழுக்கு புதிதல்ல. கொட்டாஞ்சேனையில் அந்த மூன்று மாடிக் கட்டடத்தின் நடு மாடிக்கு அவர்கள் குடிவந்த ஆறாவது மாதமே சீலிங்கில் தேயிலைச் சாயம் மாதிரி ஒரு கறை வந்தது. மேல்மாடிக் குளியலறை சரியாக அந்த இடத்துக்கு மேலே. கறை வட்டமானது, பிறகு சுவரில் இறங்கியது, பிறகு சொட்டத் தொடங்கியது. கட்டிலைத் தள்ளிப் போட அறையில் இடமில்லை. அலுமாரி மேல் ஒரு பேசினும், கட்டில் காலடியில் ஒரு வாளியும் வைத்து மூன்று வருடம் ஓட்டிவிட்டார்கள்.

வீட்டுக்காரர் சவுந்தரநாயகத்துக்கு அவள் சொல்லாமலும் இல்லை. வருடத்துக்கு ஒரு தரமாவது வெள்ளவத்தைக்கு போன் எடுத்துச் சொல்லியிருக்கிறாள். அவர் ஒருநாளும் கோபித்ததில்லை. "ஓம் பிள்ளை, பாப்பம்" என்பார். அம்மாவின் பிரஷர் எப்படி, ஊரில் தேயிலைத் தோட்டத்தில் மழையா என்று விசாரிப்பார். அழைப்பை வைக்கும்போது நிரோஷாவேதான் சொல்லுவாள்: "அவசரமில்ல அங்கிள், உங்களுக்கு வசதிப்பட்டப்போ பாருங்க."

அப்படிச் சொன்னதற்கு ஒரு காரணம் இருந்தது. கலியாணமான புதிதில் இருவரும் கொழும்பில் வீடு தேடி அலைந்தார்கள். பதினொரு வீடு. படியேறிப் போனால் நன்றாகத்தான் பேசுவார்கள். "சொந்த ஊர் எது?" என்று கேட்பார்கள். ஹட்டன் பக்கம் என்றதும் குரல் மாறிவிடும். ஒரு அம்மா, "தோட்டமோ, டவுனோ?" என்று இன்னொரு கேள்வியும் கேட்டார். தோட்டம் என்றாள் நிரோஷா. பின்னேரம் புரோக்கர் போன் எடுத்து, அந்த வீட்டுக்கு வேறு ஆள் வந்துவிட்டதாகச் சொன்னான். அடுத்த கிழமையும் அந்த வீட்டு வாசலில் வாடகைக்கு என்ற மட்டை தொங்கியது.

சவுந்தரநாயகம் ஒரே ஒரு கேள்விதான் கேட்டார். "எத்தினை பேர் இருக்கப்போறியள்?" ரெண்டு பேர் என்றதும் சாவியை எடுத்து நீட்டினார். வாங்கிக்கொண்டு இறங்கிவந்து, தெருமுனையில் நிரோஷா அழுதாள். அந்த மனுஷனிடம் போய் நீர் ஒழுகுது, கறை பரவுது என்று எப்படி அழுத்திச் சொல்லுவது?

அந்தச் சனிக்கிழமை போன் எடுத்துச் சொன்னாள். கட்டி விழுந்த இடத்தைச் சொன்னாள்.

"ஆருக்கும் ஒண்டும் ஆகேல்லைத்தானே பிள்ளை?"

"இல்ல அங்கிள். அவரு வெளிய போயிருந்தாரு."

"கடவுளே எண்டு. நானும் செய்யத்தான் பாக்கிறன். மேல் வீட்டுக்காரர் விடமாட்டினமாம். பாத்ரூம் நிலத்தை உடைக்கோணும், பைப் முழுக்க மாத்தோணும். அவை விடாட்டி நான் என்ன செய்யிறது?"

இது அவளுக்குப் புதுச் செய்தி. மேல்மாடியில் இருந்தது ஸமீமா தாத்தா; முஸ்லிம் வீடுகளில் அக்காவைத்தான் தாத்தா என்பார்கள். கணவன் இறந்த பிறகு, புறக்கோட்டைக் கடைகளுக்கு மத்தியானச் சாப்பாட்டுப் பார்சல் செய்து கொடுத்து, உயர்தரம் படிக்கும் மகள் ஸும்றாவை வளர்க்கிறவர். படியில் கண்டால் சிரிப்பார், அதற்கு மேல் பழக்கமில்லை. மூன்று வருடம் தன் தலையில் நீர் சொட்டியதற்கு அந்தச் சிரிப்புக்காரிதான் காரணமா என்று நினைக்க நிரோஷாவுக்குக் காது சூடானது. போனை வைத்த கையோடு மேலே ஏறினாள்.

ஸமீமா கதவைத் திறந்தார். கையில் வெங்காய வாசம்.

"வீட்டுக்காரர் பாத்ரூம உடைக்க வந்தா நீங்க விடமாட்டீங்கன்னு சொல்லுறாரு" என்றாள் நிரோஷா. வணக்கம்கூடச் சொல்லவில்லை.

"எனக்கிட்ட ஆரும் கேக்கல்லயே."

"ஒரு தரமும் கேக்கலயா?"

"நாங்க வந்து ஏழு வருஷம். அவரு இந்தப் படியில ஏறினத நான் கண்டதில்ல." ஸமீமா கதவை அகலத் திறந்தார். "உள்ளுக்கு வாங்க தங்கச்சி. நின்டுகொண்டு பேச ஏலாது."

குளியலறையைத் திறந்து காட்டினார். நிலத்து ஓடுகளின் இடுக்கெல்லாம் வெள்ளைச் சீமெந்து பூசியிருந்தது, கைபழகாத பூச்சு. ஷவர் குழாயைத் துணியால் கட்டிப் போட்டிருந்தார்கள். சுவரோரம் ஒரு வாளியும் சின்னக் கோப்பையும்.

"தண்ணி கீழ போறது எனக்குத் தெரியும்" என்றார் ஸமீமா. "தெரிஞ்சுதான் இரிந்தேன். யூடியூபைப் பாத்து நானும் மகளும்தான் இதப் பூசினது. ரெண்டு வருஷமா நாங்க ஷவர் திறக்கிறதில்ல. அரை வாளியிலதான் குளிக்கிற."

"அப்போ ஏன் சொல்லல்ல?"

"சொன்னா என்ன நடக்கும்? உடைக்கணும், ஒரு மாசத்துக்கு வெளிய போங்க என்பாரு. போனா திரும்ப வர விடுவாரா? முந்தியிருந்த ஊட்டுல அப்படித்தான் செஞ்சாங்க. பெயின்ட் அடிக்கணும் எண்டு போகச் சொல்லிட்டு, வேற ஆளுக்குக் குடுத்திட்டாங்க. என்ட அடுப்பு ஒரு மாசம் நின்டா, கடைக்காரங்க வேற இடத்துல பார்சல் எடுத்திடுவாங்க." குரலைத் தாழ்த்தினார். "உங்கட ஊட்டுல எவ்வளவு விழுது எண்டு எனக்குத் தெரியாது. நீங்களும் வந்து கேக்கல்ல. அதால கொஞ்சம்தான் போல எண்டு நினைச்சுக்கிட்டேன்."

ஏறி வந்த கோபத்தை எங்கே வைப்பதென்று நிரோஷாவுக்குத் தெரியவில்லை. அரை வாளியில் குளிக்கும் இரண்டு பேரை என்ன சொல்லித் திட்டுவது? ஆனால் தலையணையும் கண்ணுக்குள்ளேயே நின்றது.

"வந்து பாருங்க" என்றாள்.

ஸமீமா கீழே வந்தார். கட்டியைப் பார்த்தார், மேலே பார்த்தார். சேலைத் தலைப்பால் வாயை மூடிக்கொண்டு, "யா அல்லாஹ்" என்று மட்டும் சொன்னார். பிறகு, "நாளைக்கு ஞாயித்துக்கிழம. பார்சல் இல்ல. அவர்ட ஊட்டுக்குப் போவோம்" என்றார்.

புஷ்பராஜுக்கு அது பிடிக்கவில்லை. "போய்ச் சண்டை பிடிச்சா, வேற வீடு பாருங்கன்னு சொல்லிருவாரு. திரும்பவும் பதினொரு வீடு ஏறுவியா?"

"நீங்க இன்னைக்கு முடிவெட்டப் போகாம இருந்திருந்தா?" என்று கேட்டாள் நிரோஷா. அவன் அன்றிலிருந்து முன்னறையில் வாசற்கதவோடு சேர்த்துப் பாய் போட்டுப் படுத்தான்.

ஞாயிறு காலை இரண்டு பெண்களும் பஸ் ஏறினார்கள். கட்டி ஒரு துணிப்பைக்குள், நிரோஷாவின் மடியில். காலி நகருக்குப் போகும் வீதி நெடுக அவள் சொல்ல வேண்டியதை மனதுக்குள் அடுக்கிக்கொண்டு வந்தாள். அடுக்கிய ஒவ்வொரு வசனமும் "மன்னிச்சுக்குங்க அங்கிள்" என்றுதான் தொடங்கியது. வெள்ளவத்தையில் இறங்கி, கடற்பக்கம் போகும் ஒழுங்கையில் நடக்கும்போது அவள் அதை ஸமீமாவிடம் சொன்னாள்.

"என்னத்துக்கு மன்னிப்பு?" என்றார் ஸமீமா. "கல்லு விழுந்தது உங்கட கட்டில்ல."

சவுந்தரநாயகம் நாலாம் மாடியில் தனியாக இருந்தார். வங்கியில் வேலை பார்த்து ஓய்வுபெற்றவர். மகள் கனடாவில். கதவைத் திறந்தவர் இருவரையும் சேர்த்துக் கண்டதும் ஒரு கணம் தடுமாறி, பிறகு, "வாங்கோ, வாங்கோ, இருங்கோ" என்றார். தானே தேநீர் போட்டு, தட்டில் பிஸ்கட் அடுக்கிக்கொண்டு வந்தார். முழங்காலில் பட்டி கட்டியிருந்தது.

நிரோஷா கட்டியை எடுத்து, கண்ணாடி மேசையில் விரித்திருந்த செய்தித்தாளின் மேல் வைத்தாள். அவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பார்த்தார். தொட்டுப் பார்க்கவில்லை.

"தாத்தாகிட்ட யாரும் கேக்கவே இல்லையாம் அங்கிள்."

அவர் முகம் கறுத்தது. "நான் ஒரு மேசன் பாஸைக் கேட்டனான். அவன்தான் சொன்னான், மேல இருக்கிறவை விடமாட்டினம் எண்டு…" பாதியில் நிறுத்தி, தேநீரைக் கலக்கினார். "சரி பிள்ளை. பாப்பம்."

இந்த இடத்தில்தான் வழக்கமாக அவள் "அவசரமில்ல அங்கிள்" என்று சொல்லுவாள். இப்போதும் அது நாக்கு நுனிக்கு வந்தது. பல்லைக் கடித்துக்கொண்டு இருந்தாள். மின்விசிறிச் சத்தமும், கீழே தண்டவாளத்தில் போகும் ரயில் சத்தமும் கேட்டன.

"எப்போ பாப்பீங்க அங்கிள்?" என்று கேட்டாள்.

அவர் கோப்பையை வைத்தார். "உண்மையைச் சொல்லுறன். மகள் அந்தக் கட்டடத்தை விக்கச் சொல்லிக்கொண்டிருக்கிறா. வாங்கிறவன் அதை இடிச்சுப்போட்டுப் புதுசாத்தான் கட்டுவான். இடிக்கப்போற வீட்டுக்கு இப்ப பைப் மாத்தி என்ன பிரயோசனம் எண்டு…"

"எப்போ விக்கிறீங்க?"

"தெரியாது. ஒரு வருசமாகலாம், நாலு வருசமாகலாம். நல்ல ஆள் வரவேணுமே."

ஸமீமா நிமிர்ந்து உட்கார்ந்தார். நிரோஷாவின் குரல் தெளிவாகவே வந்தது. "விக்கிறது உங்க விருப்பம் அங்கிள். விக்கிற நாள் வரைக்கும் நாங்க அதுக்குக் கீழதானே படுக்கணும்?"

அவருக்கு அது தைத்துவிட்டது. எழுந்து ஜன்னலடிக்குப் போனார். திரும்பிப் பார்க்காமலே சொன்னார்: "ஒருத்தரும் வீடு குடுக்காத நேரம் நான் குடுத்தனான், பிள்ளை. ஊர் பேர் கேக்காமல் குடுத்தனான். அதை யோசிச்சுப் பாரும்."

அப்படியானால் இவருக்கும் அது ஞாபகம் இருந்திருக்கிறது. ஊரைக் கேட்காமல் விட்டது அறியாமல் அல்ல. கேட்காமல் விடுகிறேன் என்று தெரிந்தே விட்டிருக்கிறார். மூன்று வருடமாக அவள் அதைத் தனக்குள்தான் வைத்திருப்பதாக நினைத்திருந்தாள். அவரிடமும் அதன் மறுபாதி இருந்தது. நிரோஷாவுக்குக் கண் கலங்கியது, ஆனால் தெருமுனையில் அழுத அழுகை மாதிரி இல்லை இது.

"யோசிச்சேன் அங்கிள்" என்றாள். "நீங்க செஞ்சத நான் மறக்கல்ல. அதனாலதான் மூணு வருசம் பேசாம வாளி வச்சேன். நேத்து அவரு அந்தத் தலையணையில படுத்திருந்தா, அதுக்கப்புறம் நான் யாருக்கு நன்றி சொல்லிட்டு இருப்பேன்?"

அவர் ஜன்னல் கம்பியைப் பிடித்தபடி நின்றார்.

"காசு இப்போ இல்லன்னா இல்லன்னு சொல்லுங்க. வேற வீடு பாக்கச் சொன்னா அதையும் சொல்லுங்க. ஒரு தரம் வந்து உங்க கண்ணால பாத்துட்டுச் சொல்லுங்க. அவ்வளவுதான்."

இருவரும் எழுந்தார்கள். கட்டி மேசையிலேயே இருந்தது. எடுத்துக்கொண்டு போகச் சொல்லி அவரும் கேட்கவில்லை.

திங்கள் போனது, செவ்வாய் போனது. புஷ்பராஜ் பத்திரிகையில் வீட்டு விளம்பரங்களை வட்டமிடத் தொடங்கினான். நிரோஷா தான் வேலை பார்க்கும் கடையில் துணிக்கட்டுகளை எண்ணிப் பதிந்துகொண்டே, தான் சொன்னதில் எது கூடிப்போனது என்று திரும்பத் திரும்ப நினைத்தாள். கடைசி வசனத்தை இன்னும் மெதுவாகச் சொல்லியிருக்கலாம் என்று ஒரு நேரம் தோன்றும். முதல் வருடமே சொல்லியிருக்க வேண்டும் என்று இன்னொரு நேரம் தோன்றும்.

புதன் மத்தியானம் சவுந்தரநாயகம் வந்தார். நிரோஷா வேலையில் இருந்தாள். நடந்ததை ஸமீமாதான் பிறகு சொன்னார். முச்சக்கர வண்டியில் வந்து இறங்கி, ஒவ்வொரு படியிலும் இரண்டு காலையும் வைத்து ஏறியிருக்கிறார். நடு மாடிக் கதவு பாதி திறந்திருந்தது. உள்ளே வாசலோடு ஒட்டி, பாயில், சட்டையில்லாமல் புஷ்பராஜ் தூங்கிக்கொண்டிருந்தான். அவனைத் தாண்டாமல் உள்ளே போக முடியாது. எழுப்பவும் மனசு வரவில்லைப் போல. படியிலேயே உட்கார்ந்துவிட்டார்.

மேலிருந்து இறங்கிய ஸமீமா அவரைக் கண்டு, "எழுப்பவா அங்கிள்?" என்று கேட்டார்.

"வேண்டாம். ராவு முழுக்க வேலை செய்யிற மனுசன். எழும்பட்டும்."

முக்கால் மணித்தியாலம் அப்படியே இருந்தார். ஸமீமா கொண்டுவந்து கொடுத்த தண்ணீரைக் குடித்தார். புஷ்பராஜ் கண் விழித்து, படியில் வீட்டுக்காரரைக் கண்டு பதறி எழுந்து சட்டையைத் தேடினான். அவர் உள்ளே வந்து படுக்கையறையைப் பார்த்தார். மேலே ஏறிக் குளியலறையைப் பார்த்தார். துணி கட்டிய ஷவரைக் காட்டி, "இது என்ன?" என்று கேட்டார். ஸமீமா விஷயத்தைச் சொன்னார்.

நிரோஷா வேலை விட்டு வரும்போதும் அவர் போகவில்லை. அவர்களுடைய சாப்பாட்டு மேசையருகே உட்கார்ந்திருந்தார். அவளைக் கண்டதும் எழுந்திருக்கப் பார்த்தார், முழங்கால் விடவில்லை.

"கண்டால் செய்யவேணும் எண்டு எனக்குத் தெரியும் பிள்ளை. அதுதான் இவ்வளவு காலம் வராமல் இருந்தனான்" என்றார். வேறு விளக்கம் எதுவும் சொல்லவில்லை. மன்னிப்பும் கேட்கவில்லை.

கூட இருந்த ஸமீமா விடவில்லை. "உடைச்சதுக்குப் பிறகு எங்கள வெளிய போகச் சொல்லமாட்டேன் எண்டு எழுதித் தாங்க" என்றார். கிழவர் அவரை உற்றுப் பார்த்தார். பிறகு நிரோஷாவிடம் ஒரு தாள் கேட்டு, வங்கிக்கார எழுத்தில், வரி தவறாமல் எழுதினார். திருத்த வேலைக்காக யாரும் வீட்டை விடவேண்டியதில்லை. கட்டடத்தை விற்பதானால் ஆறு மாதம் முன்னதாக எழுத்தில் அறிவிக்கப்படும். இரண்டு பிரதி எழுதிக் கையெழுத்து வைத்தார். எழுதும்போது நிரோஷாவை "திருமதி புஷ்பராஜ்" என்று எழுதினார். அந்தப் பேரைத் தாளில் பார்க்க அவளுக்கு வேறு யாரையோ பற்றி எழுதினது போல இருந்தது.

அடுத்த கிழமை ஒரு சிங்களப் பாஸ் இரண்டு கையாட்களோடு வந்தார். ஓடுகளைத் தட்டிக் கேட்டுவிட்டு, "ஒக்கோம கடன்ன ஓனே, நோனா" என்றார். முழுவதையும் உடைக்கவேண்டும் என்றால் முழுவதையும்தான். ஒன்பது நாள். இரண்டு வீட்டுக்கும் நிரோஷா வீட்டுக் குளியலறை ஒன்றுதான். காலையில் ஸும்றா வகுப்புக்கு, நிரோஷா வேலைக்கு, புஷ்பராஜ் வேலையிலிருந்து வந்து. மூன்று பேருக்கும் அதே ஏழு மணி. நாலாம் நாள், ஸும்றா தலைக்கு ஊற்றிக்கொண்டு அரை மணித்தியாலம் உள்ளே இருந்துவிட்டாள் என்று நிரோஷா கதவில் பலமாகத் தட்டினாள். அன்று முழுக்க மேல் வீடும் கீழ் வீடும் பேசவில்லை. மாலையில் இரண்டு சாப்பாட்டுப் பார்சல் கதவுப் பிடியில் தொங்கின. நிரோஷா வெறும் பையைத் திருப்பிக் கொடுக்க மனமில்லாமல், அதற்குள் ஒரு பாக்கெட் தேயிலை போட்டு அனுப்பினாள். உடைக்கும் சத்தத்தில் புஷ்பராஜால் தூங்க முடியவில்லை. கூடவேலை செய்யும் ஒருவனின் முகத்துவாரத்து வீட்டில் போய்ப் படுத்து வந்தான்.

வெளியே எடுத்துப்போட்ட பழைய குழாயை நிரோஷா பார்த்தாள். கைவிரல் போகும் அளவுக்கு ஓட்டை. எத்தனை சீமெந்து பூசியிருந்தாலும் அது நின்றிருக்காது.

பத்தாம் நாள் சோதித்துப் பார்த்தார்கள். பாஸ் மேலே குளியலறையில் நின்று வாளி வாளியாக ஊற்ற, நிரோஷா கீழே புதிதாகப் பூசிய சீலிங்கைப் பார்த்தபடி நின்றாள். கழுத்து வலித்தது. மேலிருந்து ஸமீமாவின் குரல் கேட்டது. "வருதா?"

"இல்ல தாத்தா."

"இப்போ?"

"இல்ல."

அதன் பிறகு ஷவர் திறக்கும் சத்தம் கேட்டது. அது வெகுநேரம் நிற்கவில்லை. யாரோ குளிக்கிறார்கள் என்று நிரோஷா புரிந்துகொண்டாள். அதற்குப் பிறகும் கொஞ்ச நேரம் நின்று பார்த்துவிட்டு, வாளியை எடுத்துக்கொண்டு வெளியே வந்தாள்.

அன்று பின்னேரம் சவுந்தரநாயகம் போன் எடுத்தார். "இப்ப ஒழுகேல்லைத்தானே?"

"இல்ல அங்கிள். நல்லா செஞ்சிருக்காங்க."

"பூச்சு காய ரெண்டு கிழமை செல்லும். அதுக்குப் பிறகுதான் பெயின்ட்."

"சரி அங்கிள்."

அம்மாவின் பிரஷரைப் பற்றி அவர் கேட்கவில்லை. தோட்டத்து மழையைப் பற்றியும் கேட்கவில்லை. அந்த இடைவெளியில் அவள் ஏதாவது சொல்லவேண்டும் என்று காத்திருப்பது போலிருந்தது. திருத்தியதற்கு நன்றி சொல்லத் தேவையில்லை என்று ஸமீமா நேற்றே சொல்லியிருந்தார். அது சரிதான் என்று நிரோஷாவுக்கும் பட்டது. ஆனால் அந்தக் காலோடு ஒவ்வொரு படியாக ஏறி வந்து, ஒருத்தன் தூக்கம் கலையும் வரை வாசலில் காத்திருந்தது எந்தத் தாளிலும் எழுதப்படாத விஷயம்.

"அன்னைக்கு வந்து பாத்ததுக்கு ரொம்ப நன்றி அங்கிள்" என்றாள்.

மறுமுனையில் அவர் தொண்டையைச் செருமினார். "சரி பிள்ளை. வைக்கிறன்."

விற்கிற கதை என்ன ஆனது என்று அவள் கேட்கவில்லை. ஆறு மாதம் முன்னதாகத் தெரியவரும். தாள் அலுமாரியில், கலியாணச் சேர்டிபிக்கேட்டோடு இருந்தது.